ஊற்றுக்கண் இல்லத்து வெல்லம்

ஊற்றுக்கண் மறுவாழ்வு இல்லத்துக்குள் யார் நுழைந்தாலும் வாசலில் ஊதிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கச்சிராயபாளையத்துக்குப் போய் உப்பும் மிளகாயும் வாங்கித் திரும்புகிறவனும் ஊத வேண்டும். கள்ளக்குறிச்சியில் பல் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு பஸ் இறங்குகிறவனும் ஊத வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கந்தசாமி எழுந்து, தன் மூக்கை எதிராளியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், "ம், ஊது" என்பார். மோந்து பார்த்து "சுத்தம்" என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளை நீக்குவார். நோட்டில் பேரும் நேரமும் எழுதி, எதிரே ‘சுத்தம்’ என்று எழுதுவார்.

கந்தசாமி மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அதில் இருபத்தைந்து வருஷம் குடித்தவர். "எந்தச் சரக்கு, எந்த ஊரு, காலையில போட்டதா நேத்து போட்டதா, எல்லாம் சொல்லும்டா இந்த மூக்கு" என்பார். போதகர் அன்புச்செல்வன் வெளியூர் போய்த் திரும்பினாலும் காரை நிறுத்தி இறங்கி வந்து, கந்தசாமி முன்னால் குனிந்து ஊதிவிட்டுத்தான் உள்ளே போவார். அதைப் பார்த்த பிறகு யாரும் முறுக்கிக்கொண்டு நின்றதில்லை.

சின்னப்பையன் பெயருக்கு நேராக மூன்று வருஷம் நாலு மாசமாகச் சுத்தம் என்றே இருந்தது.

அவன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு ஓடை தாண்டினால் அவன் ஊர். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோமுகி அணை பஸ் நிறுத்தத்தில், தன் வாந்தியிலேயே முகம் வைத்துக் கிடந்தவனைப் போதகர்தான் தூக்கிவந்தார். வேலையாள் வைத்துக் கழுவவில்லை. தானே அவன் சட்டையைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவினார். உளுந்தூர்பேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவரும் அப்படிக் கிடந்தவர்தான். "என்ன ஒருத்தரு கழுவினாரு. நான் உன்னக் கழுவறேன். நீ ஒருத்தனக் கழுவு" என்று மட்டும் சொன்னார். பேரை மாற்றிக்கொள் என்றோ, ஞானஸ்நானம் வாங்கு என்றோ சொன்னதில்லை. சின்னப்பையன் தானாகத்தான் ஜெபத்தில் போய் உட்கார்ந்தான். மனைவி பாப்பாத்தியும் இறங்கிவந்து, இல்லத்தில் இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். சமையல்கட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. அதுவே வீடு.

இல்லத்துக்கு மாசாமாசம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த சென்னைச் சபை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டது. சிலநாள் மூன்று வேளையும் கஞ்சி. துவையல் அரைக்கத் தேங்காய் இல்லாமல் பாப்பாத்தி பிரண்டையைப் பறித்துவந்து அரைத்தாள். அப்போதுதான் ஒருநாள் காலை ஜெபத்தில் போதகர் எழுந்து, "ஆண்டவர் எனக்கு ஒரு தரிசனம் குடுத்திருக்கிறாரு" என்றார்.

சின்னப்பையனுக்குத் தெரிந்த தரிசனம் கரியராமன் கோயில் வாசலில் கும்பலில் முண்டி எட்டிப் பார்ப்பதுதான். பக்கத்தில் இருந்த கந்தசாமியிடம், "ஐயா எந்தக் கோயிலுக்குப் போனாருண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அடச்சீ, அது இல்லடா. நாளைக்கு வரப்போறத இன்னைக்கே பாக்கறது. அதுக்குப் பேரும் தரிசனந்தான்."

போதகர் பார்த்தது ஒரு கரும்பாலை. "ஒருத்தர்கிட்ட கையேந்தி இந்த ஊழியம் நடக்க வேணாம். நம்ம கையே நமக்குச் சோறு போடணும். இல்லம் சொந்தக் கால்ல நிக்கணும்" என்றார். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் பயன்படுத்தாமல் போட்டிருந்த பழைய ஆலையும் இரும்புக் கொப்பரையும் குத்தகைக்கு வந்தன. கொப்பரை சின்னப்பையன் கைக்கு வந்தது.

அவன் நன்றாகக் காய்ச்சினான். பனி விலகாத காலையில் அடுப்பில் கரும்புச் சக்கையைத் தள்ளி எரிய விடுவான். சாறு கொதித்து வரும்போது இடித்த வெண்டைத் தண்டின் சாற்றை விட்டு, மேலே திரளும் அழுக்கை அரிகரண்டியால் வாரி வாரி எடுப்பான். பாகைத் துளி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பான். தேன் நிறத்தில் வெல்லம் வந்தது. கைநடுக்கம் தீராத ஆட்கள்கூட உருண்டை பிடித்தார்கள். பிடித்துப் பிடித்து நடுக்கம் குறைந்தது. ஆனால் கள்ளக்குறிச்சி மண்டியில் மருந்து போட்டு வெளுக்க வைத்த வெல்லத்துக்கு இருந்த மவுசு இதற்கு இல்லை.

போன ஆவணியில் ஒரு புது வியாபாரி வந்தார். அவருக்கு அழுக்கெடுத்த வெல்லம் வேண்டாமாம். கறுப்பாக, கசடோடு, மூட்டை மூட்டையாக வேண்டுமாம். மண்டி விலையைவிட ஜாஸ்தி தருகிறாராம். "மாட்டுத் தீவனக் கம்பெனிக்கு" என்று போதகர் சொன்னார்.

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் சின்னப்பையன் சிரித்திருப்பான். மலையில் பிறந்த எவனுக்கும் கறுப்பு வெல்லம் எந்த மாட்டுக்குப் போகும் என்று தெரியும். ஆனால் சொன்னது ஐயா. தன் வாந்தியைக் கழுவிய கை. அவன் மூக்குக்குத் தெரிந்ததை அவன் மனசு கேட்டுக்கொள்ளவில்லை. அரிகரண்டியைக் கழுவித் தொங்கவிட்டான். கறுப்பாகக் காய்ச்சினான். வியாழக்கிழமை விடிந்ததும் லாரி வரும். மூட்டைகளின் வாயை அவன்தான் கட்டுவான், மலையில் கடுக்காய் மூட்டைக்குப் போடுகிற இரட்டைச் சுருக்கு முடிச்சு. இழுத்தால் இறுகும், திருகினால் அவிழும். கீழ்நாட்டில் யாருக்கும் அது வராது.

இல்லத்தில் மறுபடி குழம்பு கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை முட்டையும் வந்தது. சென்னைச் சபைக்காரர்கள் கேள்விப்பட்டு, மாசி மாச ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொன்னார்கள்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சின்னப்பையனின் தம்பி சின்னக்கண்ணு மலையிலிருந்து புளி கொண்டுவந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "அண்ணே! அண்ணி!" என்று கத்தினான்.

"மொதல்ல ஊது" என்றார் கந்தசாமி.

"ஊத இன்னா கீது? போட்டுகினுதான் வந்திருக்கேன்."

"அப்ப வெளியவே நில்லு."

சின்னப்பையன் கேட்டருகே வந்தான். தம்பி கம்பி வழியாகப் புளிக் கூடையை நீட்டிவிட்டு, இல்லத்து அடுப்புப் புகையைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாடா இளிக்கற?"

"இந்தக் கெழவன் என்ன உள்ள வுட மாட்டேன்றான். உங்க வூட்டுச் சரக்கத்தான் நான் குடிச்சிகினு வந்திருக்கேன்."

"ஒளறாத."

"இன்னாத்த ஒளறேன்? ஓடைப் பக்கம் சாராய ஊறல் போடறானே, அங்க மூட்ட தூக்கறது யாரு? நான்தான். மொத மூட்டையப் பாத்தேன். நம்ம முடிச்சு. நம்ம ஆளு எவன்டா கீழ்நாட்டுல முடிச்சுப் போடறான்னு பாத்தா, அட, நம்ம அண்ணன்!" சின்னக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். "நல்லாத்தான் பொங்குது அண்ணே. ஜெபம் பண்ணிக் காய்ச்சறீங்களா?"

கந்தசாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்னப்பையன் புளிக் கூடையைக் கீழே வைத்தான். மறுபடி தூக்கினான். எங்கே கொண்டுபோவது என்று தெரியாதவனைப் போல நின்றான்.

அன்று மத்தியானமே போதகரின் அறைக்குப் போனான்.

"வா சின்னப்பையா. சாப்ட்டியா?"

"ஆச்சுங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நம்ம வெல்லம் தீவனக் கம்பெனிக்குப் போவுதுங்களா?"

"அப்படித்தான் அவரு சொன்னாரு."

"மலைக்கு மேல தீவனக் கம்பெனி ஏதுங்க?"

போதகர் கையிலிருந்த விழா அழைப்பிதழ்க் கட்டை மேசைமேல் வைத்தார். பொய் சொல்லத்தான் முதலில் வாய் திறந்தார் போலிருந்தது. பிறகு அவர் முகம் களைத்துப் போயிற்று.

"எனக்குத் தரிசனம் குடுத்தவரு அரிசி குடுக்கல சின்னப்பையா. நான் இன்னா பண்ணட்டும்? மெட்ராஸ்ல போய் நின்னேன். எத்தினி பேரு குடிய வுட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. ‘பாஸ்டர், உங்க ஊழியம் சொந்தக் கால்ல நிக்குதா?’ இதத்தான் கேட்டாங்க. நிக்குதுன்னு இன்னைக்குத்தான் சொல்ல முடியுது."

"யாரு கால்லங்க நிக்குது?"

"பாரு, விவசாயி கரும்பு போடறான். அது மில்லுக்குப் போவுது, கழிவுப்பாகு ஆவுது, அப்புறம் இன்னாவோ ஆவுது. கரும்பு போட்டவனப் பாவின்னு சொல்றமா? வித்தப்புறம் அது வாங்கினவன் பொருளு. இங்க இருபத்திரண்டு பேரு இருக்கான். இழுத்து மூடினா சாயங்காலமே எங்க போய் நிப்பான்னு உனக்குத் தெரியாதா?"

"இங்க ஒருத்தனத் தூக்கி நிறுத்தறதுக்கு, மலை மேல ஒருத்தனப் படுக்க வெக்கறமேங்க ஐயா. எங்க ஊருங்க அது. என் தம்பிங்க."

"இந்த ஒரு வருஷம் பொறுத்துக்க. புதுக் கட்டடம் வரட்டும். அப்புறம் கறுப்பு வெல்லத்த நிறுத்திடறேன், ஆண்டவர் சாட்சியா." பிறகு இன்னும் மெதுவாக, "உன் சம்சாரமே ஒருநாள் கேட்டுச்சு. எடுத்துச் சொன்னேன். அது புரிஞ்சிகினுச்சு. சனிக்கிழம நீதான் சாட்சி சொல்லணும். உன்னப் பாக்கத்தான் அவங்க வராங்க" என்றார்.

சின்னப்பையனுக்கு அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

பாப்பாத்தி சமையல்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீரையைக் கீழே வைக்கவில்லை. விரல்கள் இன்னும் வேகமாக உருவின.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. லாரியில நம்ம மூட்டைக்குப் பக்கத்துல கடுக்கா மூட்ட கெடந்துச்சு. மாடு வெல்லம் திங்கும், சரி. கடுக்கா எந்த மாடு திங்கும்? அது ஊறலுக்குத்தான் போவும்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப?"

அவன் அடுப்பில் தணிந்த விறகை உள்ளே தள்ளினான்.

"குடிச்சிருப்ப" என்றாள் பாப்பாத்தி. "மனசு ஒடைஞ்சா நீ அதுக்குத்தான் போவ. உங்கம்மா செத்தப்ப போன. நெல்லு மழையில போனப்ப போன. அந்தக் கந்தசாமி அண்ணன் பகல்ல மோந்து பாக்கறாரு. நான் மூணு வருஷமா நீ தூங்கினதுக்கு அப்புறம் உன் மூஞ்சிகிட்ட மூஞ்சி வெச்சி, மூச்ச மோந்து பாத்துட்டுத்தான் கண்ண மூடறேன். தெரியுமா உனக்கு? யாரு வூட்டுல இன்னா ஊறினா எனக்கு இன்னா? எம் புருஷன் வாயி நாறக் கூடாது. அவ்ளோதான் நான் கேட்டது."

"சின்னக்கண்ணு குடிக்கறாண்டி. நான் காய்ச்சினத."

அவள் கை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதான் அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல" என்றாள்.

அவள் செய்தது துரோகம்தான். அன்பிலிருந்து வந்த துரோகம் என்பதால் அது குறைவாக வலித்துவிடவில்லை. அன்றும் மறுநாளும் சின்னப்பையன் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் போட்ட சோற்றைத் தின்றான். அந்த மட்டுக்கும் கடவுள் அவர்களைக் கைவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை ஆலைக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ‘நமது தரிசனம்: சொந்தக் காலில் ஊழியம்’ என்று பேனர். சென்னையிலிருந்து இரண்டு வேனில் வந்தவர்கள் ஆளுக்கொரு உருண்டை வெல்லத்தைக் கையில் வைத்து நிறம் பார்த்தார்கள். அவர்களுக்கென்று மட்டும் அந்த வாரம் ஒரு கொப்பரை அழுக்கெடுத்துக் காய்ச்சியிருந்தது. பாட்டு முடிந்ததும் போதகர் சின்னப்பையனை அழைத்தார்.

சின்னப்பையன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒருகாலத்தில் சாட்சி என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுவான். சாராயக் கேஸில் கோர்ட்டுக்குப் போனால் அங்கே நிற்கிறவன் சாட்சி. இங்கே வந்த பிறகுதான் தன்னைப் பற்றித் தானே சொல்வதும் சாட்சி என்று கற்றான்.

"எல்லாருக்கும் தோத்திரங்க. வருஷா வருஷம் நான் குடிச்ச கதையச் சொல்லுவேன். இந்த வருஷம் அது இல்லீங்க. போன ஆவணிலேர்ந்து நான் சாராயத்துக்கு வேல செஞ்சிகினு இருக்கறேன். எங்கியோ போய் இல்ல. இந்தக் காம்பவுண்டுல. இந்தக் கையால. தெரியாம செஞ்சேன்னு சொல்லலாம். சொன்னா பொய்யி. என் மூக்குக்குத் தெரியும். என் தம்பி அத்தத்தான் குடிக்கறான். மலையில…"

போதகர் எழுந்து வந்து, அவன் கைமேல் கைவைத்து மைக்கை வாங்கினார். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார்.

"பிரியமானவர்களே, நம்ம சகோதரன் மனசு ஒடைஞ்சி பேசறாரு. மறைக்காம, விழுந்துட்டேன்னு சபைக்கு முன்னாடி ஒத்துக்கறாரு. இந்த ஊழியத்துல இந்தப் போராட்டம் உண்டு. ஏழுதரம் விழுந்தாலும் நீதிமான் எழுந்திருப்பான். எல்லாரும் கண்ண மூடி, விழுந்த நம்ம சகோதரனுக்காக ஜெபிப்போம்."

கீபோர்டு வாசிக்கிறவன் மெல்லிசாக ஒரு ராகத்தைப் பிடித்தான். சென்னைக்காரர்கள் கைகளை உயர்த்தினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் விசும்பி அழுதார். பின்னால் உட்கார்ந்திருந்த இல்லத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் மூக்கு உண்டு. சின்னப்பையன் வாயைத் திறந்தான். ஸ்தோத்திரச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவனைக் கழுவிய அதே கை அவன் தலைமேல் இருந்தது.

விழுந்தவன், அதாவது மறுபடி குடித்தவன், அன்றைக்கே வெளியேற வேண்டும் என்பது இல்லத்தின் விதி. "ரெண்டு மாசம் ஊர்ல இருந்துட்டு வா. நானே கூப்புடறேன்" என்றார் போதகர், அவன் கண்ணைப் பார்க்காமல். பாப்பாத்தி தகர அறையில் இருந்ததை ஒரு பையிலும் ஒரு சாக்கிலும் கட்டினாள். அடுப்பில் இருந்த குழம்பை இறக்கிவைத்து, உப்புப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

நாலு மணி இருக்கும். விருந்தாளிகள் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கந்தசாமி தாழ்ப்பாளை நீக்கினார்.

"அண்ணே, பாருங்க" என்று சின்னப்பையன் அவர் முன்னால் போய் நின்றான்.

"வெளிய போறவன் ஊத வேணாம்டா."

"தெரியும்ணே."

கந்தசாமி அவனை ஒருதரம் பார்த்தார். வேன் பக்கம் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மூக்கை நீட்டினார். "ம், ஊது."

சின்னப்பையன் ஊதினான். அழுகையில் மூச்சு இரண்டாக உடைந்தது. "முழுசா ஊதுடா" என்றார். மறுபடி ஊதினான். அவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்து மோந்து பார்த்தார்.

"சுத்தம்!"

மலையடிவாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். விசும்பிய அம்மாள் திரும்பிப் பார்த்தார். கந்தசாமி நோட்டைத் திறந்தார். அதில் உள்ளே வருகிறவனுக்குத்தான் கட்டம் உண்டு. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் ‘சின்னப்பையன், வெளியே, சுத்தம்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"ஐயாவும் உங்ககிட்ட ஊதறாரேண்ணே" என்றான் சின்னப்பையன்.

"ஊதறாரு. அவரும் சுத்தந்தான். நான் வாய மோக்கறவன்டா. அதுக்குக் கீழ இருக்கறத மோந்து பாக்க எனக்கு மூக்கு இல்ல." ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துப் பாப்பாத்தியிடம் நீட்டினார். தனக்குக் கொடுத்த விருந்துச் சோற்றை அவர் பிரிக்கவே இல்லை. "வழியில துன்னுங்கம்மா. பஸ்ஸு நின்னு நின்னுதான் போவும்."

பஸ் அப்படித்தான் போயிற்று. இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் காற்றில் தூக்கிய இடத்தில் சாக்குகளின் வாய் தெரிந்தது. இரட்டைச் சுருக்கு. விழாவை முன்னிட்டு இந்த வாரம் இல்லத்துக்கு லாரி வரவில்லை. போன வாரம் ஏற்றிய மூட்டைகளை வியாபாரி இப்போதுதான் மலையேற்றுகிறார் போலும். டிரைவர் ஹாரன் அடித்தும் லாரி ஒதுங்கவில்லை. அது ஓடைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் தன் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே சின்னப்பையன் மலையேறினான்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மேற்கே வெளிச்சம் மிச்சமிருந்தது. முற்றத்துப் பாறையில் சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

"வந்துட்டியா? வா அண்ணே. தொரத்திட்டாங்களாமே, பஸ்ஸுக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு." தம்ளரில் ஊற்றி நீட்டினான். "உன் வெல்லம். நீயே குடிச்சிப் பாக்கலன்னா எப்படி?"

சின்னப்பையன் தம்ளரை வாங்கிவிட்டான். சக்கைப் புகையும் கசட்டுப் பாகும் கடுக்காயும் கலந்த வாசனை. தான் காய்ச்சியது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். குடிக்கத் தோன்றவில்லை என்றால் அது பொய். தொண்டை முழுக்கத் தோன்றியது. இனி எந்தக் கேட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

பாப்பாத்தி பூட்டைத் திறந்தாள். மூன்று வருஷப் புழுக்கம் வெளியே வந்தது. சாக்கை உள்ளே தள்ளிவிட்டு, அவள் திரும்பி நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள். தம்ளரைப் பார்த்தாள். தூங்குகிறவனின் மூச்சைத் திருட்டுத்தனமாக மோந்து பார்த்தவள் இப்போது முதல்தரம் வாய்விட்டுக் கேட்டாள்.

"ம், ஊது."

சின்னக்கண்ணு சிரித்தான். "இன்னா அண்ணி, இங்கயும் கேட்டு போட்டாச்சா?"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. சின்னப்பையன் தம்ளரைப் பாறைமேல், தம்பியின் பக்கத்தில் வைத்தான். சிந்தாமல்தான் வைத்தான். முற்றத்தைக் கடந்து வந்து, தன்னைவிட உயரம் குறைந்தவளுக்காகக் குனிந்து ஊதினான்.

அவள் கண்ணை மூடி மோந்து பார்த்தாள்.

"சுத்தம்" என்று சொல்லி, விலகி வழிவிட்டாள்.